கம்ப்யூட்டர் என்றோர் உத்தியோகம்

கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல் அச்சில் தென்படத் தொடங்கியது 1613ஆம் ஆண்டில். அன்றும் அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலும் அந்தச் சொல் மனிதரையே குறித்தது. நாள், தூரம், கோணம், வட்டி என எதுவானாலும் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் கணக்கை முடித்துத் தருபவர் கம்ப்யூட்டர். முதலில் இது பொதுச்சொல்லாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சம்பளப் பட்டியலில் ஏறி உத்தியோகப் பெயராயிற்று. வானாய்வுக் கூடங்களும் நில அளவைத் துறைகளும் பிற்காலத்தில் ராணுவ ஆய்வகங்களும் கம்ப்யூட்டர்களை வேலைக்கு எடுத்தன, பதவி உயர்வு தந்தன, ஓய்வூதியம் கொடுத்து அனுப்பின. எந்திரத்துக்கு அந்தப் பெயர் நிலைத்தது 1945க்குப் பிறகுதான்.

இப்படியொரு தொழில் பிறந்ததற்குக் காரணம் அட்டவணைகள். மாலுமிக்கு நிலவின் இருப்பிடம் வேண்டும். நிலம் அளப்பவருக்கு சைன், டேன்ஜன்ட் மதிப்புகள் வேண்டும். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு இறப்பு விகிதம் வேண்டும். மடக்கை எல்லோருக்குமே வேண்டும். ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான எண்ணைத் தாமே கணித்துக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. யாரோ ஒருமுறை கணித்து அச்சிட்டுவிட்டால் மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் தேர்வு அறைக்குக் கொண்டுபோன கிளார்க்ஸ் டேபிள் அந்த மரபில் வந்த புத்தகம். அப்படிப்பட்ட புத்தகங்களின் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காலத்தில் ஒரு மனிதரின் உழைப்பு இருந்தது.

ஒரு பெரிய கணக்கைப் பலர் பங்கிட்டுச் செய்ததற்குப் புகழ்பெற்ற முதல் எடுத்துக்காட்டு ஹாலி வால்நட்சத்திரம். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியது ஒரே வால்நட்சத்திரம்தான், அது 1758 வாக்கில் மீண்டும் வரும் என்று எட்மண்ட் ஹாலி சொல்லியிருந்தார். ஆனால் வழியில் வியாழனும் சனியும் அதை இழுக்கும். அந்த இழுப்பால் எவ்வளவு தாமதமாகும் என்பதைப் படிப்படியாகக் கணித்தால்தான் நாள் சொல்ல முடியும். பாரிஸில் அலெக்ஸி கிளேரோ, ஜோசப் லாலாந்த், நிக்கோல்-ரேன் லெபோத் என்ற பெண்மணி ஆகிய மூவர் 1757 ஜூன் முதல் ஒன்றரை ஆண்டுக்கு அருகே இதே வேலையாக இருந்தார்கள். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம் என்று கண்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, அது சூரியனை நெருங்கும் என்று 1758 நவம்பரில் கிளேரோ அறிவித்தார். வால்நட்சத்திரம் நெருங்கியது மார்ச் 13 அன்று. சொன்ன வரம்புக்குச் சற்று வெளியேதான்; ஆனாலும் நியூட்டனின் ஈர்ப்பு விதிக்குக் கிடைத்த பெரிய வெற்றியாக ஐரோப்பா அதைக் கொண்டாடியது. லெபோத் இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே துணிந்திருக்க மாட்டோம் என்ற பொருளில் லாலாந்த் எழுதிவைத்தார். கிளேரோ தம் நூலில் அந்த அம்மையாருக்கு உரிய நன்றியைப் பதிவு செய்யாமல் விட்டார். இந்தத் தொழிலின் வரலாறு நெடுகிலும் இதே அநியாயம் வேறு வேறு ஊர்களில் நடந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வேலை நிலையான உத்தியோகமாக மாறியது இங்கிலாந்தில். நடுக்கடலில் தீர்க்கரேகையை அறிய, நிலவுக்கும் குறிப்பிட்ட ஒரு விண்மீனுக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து, அதே கோணம் கிரீன்விச்சில் எத்தனை மணிக்கு அமையும் என்று அட்டவணையில் பார்க்கும் முறை ஒன்று இருந்தது. அதற்காக அரச வானியலர் நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டு முதல் நாட்டிகல் அல்மனாக் என்ற கடற்பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்தார். ஆண்டு முழுவதும், மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக நிலவின் கோணத் தொலைவுகள் அதில் தரப்பட்டன. கப்பலில் நான்கு மணி நேரம் பிடித்த கணக்கு இதனால் அரை மணியில் முடிந்தது.

அந்த மூன்றரை மணி நேர மிச்சம் இங்கிலாந்தின் சிற்றூர்களில் இருந்த சிலரின் உழைப்பிலிருந்து வந்தது. மாஸ்கலினின் கம்ப்யூட்டர்கள் அலுவலகத்துக்கு வந்தவர்கள் அல்லர். பள்ளி ஆசிரியர்கள், நில அளவையாளர்கள், பாதிரியார்கள் எனப் பலதரப்பட்டவர்கள் தத்தம் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். கணக்கிடும் முறையும் தேவையான அட்டவணைகளும் தபாலில் போகும். முடித்த தாள்கள் தபாலில் திரும்பும். ஒரே மாதத்தின் நண்பகல் நிலவை ஒருவரும் நள்ளிரவு நிலவை மற்றொருவரும் கணிப்பார்கள். இரண்டும் கம்பேரர் என்ற சரிபார்ப்பவரிடம் போகும். இரு வரிசைகளையும் கோத்துப் பார்க்கும்போது எண்கள் சீராக ஓடினால் கணக்கு சரி. எங்கேயாவது துள்ளினால் அங்கே பிழை. மலக்கை ஹிட்சின்ஸ் என்ற பாதிரியார் இந்தச் சரிபார்ப்பில் பெயர் பெற்றவர். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதிய இரண்டு கம்ப்யூட்டர்கள் அவரிடம் பிடிபட்டு வேலையை இழந்தார்கள். இருவர் தனித்தனியே கணித்து, மூன்றாமவர் ஒப்பிடுவது என்ற இந்த ஒழுங்கு பின்னால் வந்த கணக்கீட்டு அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஏதாவதொரு வடிவில் தொடர்ந்தது.

லட்லோ என்ற ஊரில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பாதிரியார் இந்த வேலையை எடுத்துச் செய்துவந்தார். தொலைநோக்கிக் கண்ணாடிக்கான உலோகக் கலவை தயாரிப்பதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1784இல் ஆர்செனிக் புகையைச் சுவாசித்து அவர் இறந்தபின் அவருடைய மனைவி மேரி, கணக்கில் பெரும்பகுதி தாம் செய்தது என்று மாஸ்கலினுக்குத் தெரிவித்தார். இரண்டு பெண் குழந்தைகளுடன் நின்ற அவருக்கு வேறு வருமானம் இல்லை. மாஸ்கலின் மறுக்காமல் அவர் பெயரிலேயே வேலையைத் தொடர்ந்து கொடுத்தார். 1815இல் இறக்கும்வரை மேரி எட்வர்ட்ஸ் கணித்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் எலைசா. 1832 வாக்கில் வேலை முழுவதும் லண்டனில் ஓர் அரசு அலுவலகத்துக்குள் கொண்டுவரப்பட்டபோது எலைசாவின் வேலை போயிற்று. வீட்டில் கணிக்கலாம் என்று இருந்தவரை இடம் பெற்ற பெண்களுக்கு, அரசு உத்தியோகம் என்றானதும் கதவு அடைபட்டது.

பிரான்ஸில் புரட்சிக்குப் பின் காஸ்பார் டி புரோனி கணக்குவேலையைத் தொழிற்சாலை போல அமைத்தார். குண்டூசி செய்யும் வேலையைப் பல கைகளுக்குப் பிரித்தால் உற்பத்தி பெருகும் என்று ஆடம் ஸ்மித் எழுதியதைப் படித்த அவருக்கு, மடக்கை அட்டவணைகளையும் அப்படிச் செய்யலாமே என்று தோன்றியது. மேல்தட்டில் சில கணித அறிஞர்கள் சூத்திரத்தைத் தேர்ந்தார்கள். நடுத்தட்டில் இருந்தவர்கள் அதை எண்களாக்கிப் படிவங்கள் தயாரித்தார்கள். கீழ்த்தட்டில் 60 முதல் 80 பேர் கூட்டலும் கழித்தலும் மட்டும் செய்தார்கள். புரட்சியால் பிரபுக்களின் தலையலங்காரம் ஒழிந்து வேலையிழந்த முடிதிருத்துநர்கள் அவர்களில் பலர் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது.

கூட்டல் மட்டும் தெரிந்தவரால் மடக்கை அட்டவணை எப்படித் தயாரிக்க முடியும் என்று கேட்கலாம். அதற்கு வேறுபாட்டு முறை என்று பெயர். 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களின் அடுத்தடுத்த வேறுபாடுகள் 3, 5, 7, 9. அவற்றின் வேறுபாடு எப்போதும் 2. ஆகவே 9உடன் 2 கூட்டினால் 11. 25உடன் 11 கூட்டினால் 36. பெருக்கலே இல்லாமல் ஆறின் வர்க்கம் கிடைத்துவிட்டது. மடக்கையிலும் சைனிலும் வேறுபாடுகள் இவ்வளவு எளிதாக ஒரே எண்ணில் வந்து நிற்பதில்லை என்றாலும், சிறு இடைவெளிக்குள் போதிய துல்லியத்தோடு இதே முறை செல்லும். புரோனியின் அட்டவணைகள் கையெழுத்துப் பிரதிகளாகவே தங்கிவிட்டன; செலவு தாங்காமல் அச்சேறவில்லை. ஆனால் அவற்றின் அமைப்பு சார்லஸ் பாபேஜின் மனத்தில் பதிந்தது. 1821இல் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அமர்ந்து கம்ப்யூட்டர்கள் தந்த எண்களை ஒப்பிட்டபோது மலிந்துகிடந்த பிழைகளைக் கண்டு சலித்த பாபேஜ், இதை நீராவியே செய்துவிடக்கூடாதா என்று கேட்டார். அவர் வடிவமைத்த வேறுபாட்டுப் பொறி, புரோனியின் கீழ்த்தட்டு ஆட்களின் வேலையைப் பற்சக்கரங்களுக்குக் கொடுக்கும் திட்டம்தான்.

இந்தியாவில் இந்த உத்தியோகம் நில அளவையோடு வந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளக்கத் தொடங்கினார். 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமான கதையைப் பலரும் அறிவார்கள். அந்தக் கருவி தந்த கோணங்களை வைத்துக்கொண்டு தாள் தாளாக உட்கார்ந்து கணக்கிட்டவர்களை அறிந்தவர்கள் குறைவு. தியோடலைட் கோணத்தை மட்டுமே தரும். தூரம், உயரம், அட்சரேகை எல்லாம் கணக்கிலிருந்து வரவேண்டும். பூமியின் உருண்டை வடிவத்துக்குத் திருத்தம், காற்றில் ஒளி வளைவதற்குத் திருத்தம், வெயிலில் சங்கிலி நீள்வதற்குத் திருத்தம் என்று ஒவ்வொரு முக்கோணத்துக்கும் வரிசையாக வேலை இருந்தது. 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வே பள்ளியின் மாணவர்கள் லாம்டனின் உதவியாளர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோஷுவா டி பென்னிங் பின்னாளில் கல்கத்தா கணக்கீட்டு அலுவலகத்தில் தலைமைக் கம்ப்யூட்டராக இருந்தார்.

அந்த அலுவலகத்தில் 1831இல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கம்ப்யூட்டராகச் சேர்ந்தவர் ராதாநாத் சிக்தர். 1813இல் கல்கத்தாவில் பிறந்து இந்துக் கல்லூரியில் படித்தவர். கோள முக்கோணவியலில் தேர்ந்த ஆள் வேண்டும் என்று அப்போதைய சர்வேயர் ஜெனரல் ஜார்ஜ் எவரெஸ்ட் தேடியபோது ஆசிரியர் ஜான் டைட்லர் இவரைப் பரிந்துரைத்தார். சிக்தர் படிப்படியாக உயர்ந்து தலைமைக் கம்ப்யூட்டரானார். இமயமலையில் பதினைந்தாம் சிகரம் என்று எண்ணிட்டிருந்த மலையை 1849–50இல் சமவெளியிலிருந்து, நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவில் நின்று, ஆறு இடங்களிலிருந்து அளந்திருந்தார்கள். அவ்வளவு தொலைவில் ஒளி வளைவதால் மலை உள்ளதைவிட உயரமாகத் தெரியும். அதைச் சரிக்கட்டுவதே கணக்கின் கடினமான பகுதி. 1856இல் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா 29,002 அடி என்று அறிவித்து, உலகிலேயே உயர்ந்ததாக இருக்கக்கூடிய அந்தச் சிகரத்துக்கு முன்னாள் அதிகாரி எவரெஸ்டின் பெயரைச் சூட்டினார். 2020இல் அறிவிக்கப்பட்ட உயரம் 8,848.86 மீட்டர், பழைய கணக்கு அதிலிருந்து ஒன்பது மீட்டர் அளவுக்கே குறைகிறது.

உலகின் மிக உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சிக்தர் அதிகாரியின் அறைக்குள் ஓடிச்சென்று சொன்னதாக ஒரு காட்சி பரவியிருக்கிறது. கணக்கு பல ஆண்டுகள் பல கைகளில் நடந்தது என்பதால் அந்தக் காட்சியை அப்படியே நம்பத் தேவையில்லை. அதில் எவர் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்று இருக்கிறது. 1851இல் வெளிவந்த இந்திய நில அளவைக் கையேட்டின் முன்னுரை, அதன் கணிதப் பகுதிகளுக்காகச் சிக்தருக்கு நன்றி சொன்னது. 1870இல் அவர் இறந்தார். 1875இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் கணிதம் இருந்தது, பெயர் இல்லை. பிரெண்ட் ஆஃப் இந்தியா இதழ் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. கண்டிக்கத் தக்க செயல்தான் அது.

சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடத்திலும் கம்ப்யூட்டர் பதவி இருந்தது. அதன் தலைவர் நார்மன் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சன் 1873இல் மாதம் 150 ரூபாய்ச் சம்பளத்தில் அந்தப் பதவிக்கு வந்து, 1898இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் பணியாற்றினார். 1886இல் லண்டன் அரச வானியல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. கழகத்தின் சாசனம் உறுப்பினரை ஆண்பாலில் குறிப்பதால் பெண்ணைச் சேர்க்க முடியாது என்று சட்டம் அறிந்தவர்கள் சொல்ல, முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. அவர் உறுப்பினரானது 1920இல்.

அலுவலகமும் பதவிப் பெயரும் இல்லாத கணிப்பாளர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். சென்னை வானாய்வுக் கூடத்துக்குச் சிலகாலம் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825இல் காலசங்கலித என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், அந்த ஆண்டு மே 31 சந்திர கிரகணத்தைத் தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை அடுக்கியே கணித்துக் காட்டியதை அதில் பதிவு செய்திருக்கிறார். தேவையான அட்டவணைகள் அந்தக் கணிதரின் நினைவில் வாக்கியங்களாக இருந்தன. எழுத்துக்கு ஓர் எண் என்ற கடபயாதி முறைப்படி, நிலவின் இருப்பிடம் 248 நாள்களுக்கு 248 வாக்கியங்களாகக் கட்டப்பட்டிருந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரின் பொருள் இதுவே. வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் பின்னாளில் அந்த முடிவுகளை நவீனக் கணக்கோடு ஒப்பிட்டார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தலைமுறைகளாக மனப்பாடத்தில் மட்டுமே வந்த அட்டவணைகளுக்கு இது வியக்கத்தக்க துல்லியம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தின் எட்வர்ட் பிக்கரிங் 1880களில் பெண்களைப் பெருமளவில் இந்த வேலைக்கு எடுத்தார். மணிக்கு 25 முதல் 35 சென்ட் கூலி. அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த வில்லியமினா பிளெமிங் கம்ப்யூட்டராகி, பின்னர் அந்தக் குழுவுக்கே பொறுப்பானார். 1900இல் அவர் சம்பளம் ஆண்டுக்கு 1,500 டாலர், ஆண் உதவியாளர்களுடையது 2,500. ஆனி ஜம்ப் கேனன் மூன்றரை லட்சம் விண்மீன்களை வகைப்படுத்தினார். ஹென்ரியட்டா லீவிட் சிலவகை விண்மீன்கள் மங்கி ஒளிரும் கால அளவுக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள உறவை 1912இல் நிறுவினார். பால்வீதிக்கு அப்பாலும் விண்மீன் மண்டலங்கள் உண்டு என்று எட்வின் ஹபிள் காட்டியது அந்த உறவைக் கொண்டுதான்.

கம்ப்யூட்டர்களை எவ்வளவு பேர் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற எண்ணத்தின் உச்சம் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சனுடையது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபோது, ஐரோப்பாவின் ஒரு பகுதிக்கு ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணித்துப் பார்த்தார். ஆறு மணி நேரத்தைக் கணிக்க ஆறு வாரம் ஆயிற்று. விடையும் தவறாக வந்தது. 1922இல் வெளியிட்ட நூலில் அந்தத் தவறான விடையை மறைக்காமல் அச்சிட்டார். கூடவே, உலகப்படம் தீட்டிய உருண்டை மண்டபம் ஒன்றில் 64,000 கம்ப்யூட்டர்கள் அமர்ந்து வானிலையோடு போட்டியிட்டுக் கணிப்பதைக் கற்பனை செய்தார். நடுமேடையில் நிற்பவர், முந்திச் செல்லும் பகுதிமேல் சிவந்த ஒளியும் பிந்தும் பகுதிமேல் நீல ஒளியும் பாய்ச்சி எல்லோரையும் ஒரே வேகத்தில் நடத்துவார். இன்றைய வானிலைக் கணிப்பில் ஆயிரக்கணக்கான செயலிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பங்கிட்டுக் கணிப்பது அதே திட்டப்படிதான்.

1938இல் நியூயார்க்கில் வேலையற்றோருக்கான அரசுத் திட்டத்தின் கீழ் கணித அட்டவணைத் திட்டம் தொடங்கியது. உச்சத்தில் 450 பேர் வரை இருந்தார்கள். பெரும்பாலோர் உயர்கணிதம் அறியாதவர்கள். கெர்ட்ரூட் பிளாங்க் என்ற கணித அறிஞர் அவர்களைக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று குழுக்களாகப் பிரித்து அமர்த்தி, பிழை எங்கே நுழைந்தாலும் பிடிபடும்படி படிவங்களை வகுத்தார். அதன் வழித்தோன்றலாக 1964இல் வந்த கணிதச் சார்புகள் கையேட்டைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொழிலைப் பெருக்கியது, முடித்தும் வைத்தது. ஒவ்வொரு புதிய பீரங்கிக்கும் சுடும் அட்டவணை தேவை. ஓர் அட்டவணைக்கு இரண்டாயிரம் முதல் நாலாயிரம் எறிபாதைகள் கணிக்க வேண்டும். 60 விநாடி பறக்கும் குண்டின் ஒரு பாதையை மேசைக் கணக்குப்பொறியோடு ஒருவர் கணிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். பிலடெல்பியாவில் பெண் கம்ப்யூட்டர்கள் இரவுபகலாக உழைத்தும் பீரங்கிகள் அட்டவணைக்குக் காத்துக் கிடந்தன. அந்த நெருக்கடியில் பிறந்தது எனியாக். 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்ட அந்த 30 டன் எந்திரம் அதே பாதையை 30 விநாடியில் கணித்தது. அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் அங்கே கம்ப்யூட்டர்களாக இருந்தவர்களே. அறிமுக விழாவில் அவர்கள் பெயர் சொல்லப்படவில்லை.

சொல்லின் பொருள் கைமாறியது இதே ஆண்டுகளில். 1936இல் ஆலன் டூரிங் தம் புகழ்பெற்ற கட்டுரையில் கம்ப்யூட்டர் என்று எழுதியது தாளும் பென்சிலுமாக அமர்ந்திருக்கும் மனிதரை. 1945இல் கணித அறிஞர் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் தம் அறிக்கையொன்றில், கம்ப்யூட்டர் என்றால் கணக்குப்படிகளைத் தொடர்ந்து தானே நிறைவேற்றும் எந்திரம், மனிதரை ஆபரேட்டர் என்போம் என்று வரையறுத்தார். ஆனாலும் பழைய பொருள் உடனே மறையவில்லை. வர்ஜீனியாவின் லாங்லி விமான ஆய்வகத்தில் 1935இல் ஐந்து பெண்களுடன் தொடங்கிய கணக்கீட்டுப் பிரிவு போர்க்காலத்தில் பல மடங்கானது. 1943 முதல் கறுப்பினப் பெண்களுக்குத் தனிக் கட்டடம், உணவகத்தில் தனி மேசை. கறுப்பினப் பெண்களின் பிரிவுக்குத் தலைவியான டோரதி வான், எந்திரங்கள் வரப்போவதை உணர்ந்து ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்று மற்றவர்களுக்கும் கற்பித்தார். 1962இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், எந்திரம் தந்த எண்களை அதே ஆய்வகத்தின் கேதரின் ஜான்சன் கையால் சரிபார்த்துச் சொன்னால் புறப்படுகிறேன் என்றார். ஜான்சன் சரிபார்த்தார், எண்கள் ஒத்துவந்தன.

இந்தியாவில் இந்தப் பதவிப்பெயர் இன்னும் சிலகாலம் நீடித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகங்களில் அசிஸ்டன்ட் கம்பைலர், கம்பைலர், அவர்களுக்கு மேல் கம்ப்யூட்டர், அதற்கும் மேல் ஸ்டாட்டிஸ்டிக்கல் அசிஸ்டன்ட் என்ற வரிசை இருந்தது. ஆங்கில எழுத்துக் கூட்டலில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றி எழுதினார்கள். 1971 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் பணியாளர் பட்டியலைப் புரட்டினால் கம்ப்யூட்டர்கள் தத்தம் பெயரோடு அச்சில் இருப்பதைக் காணலாம்.